ஒரே லைசென்ஸ், ஒரே இடுப்பு: தினமும் கட்டிக்கொள்ள எந்தக் கைத்துப்பாக்கி?

11 ஜனவரி 2023. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டது:

"அண்ணே, துப்பாக்கிக்கான காம்பிடென்சி (தகுதி) சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. முதல் துப்பாக்கி. கிளாக் 19 எடுக்கவா, சிக் பி365 எடுக்கவா? கடைக்காரர் சின்னதுதான் நல்லது, சட்டைக்குள் தெரியாது என்கிறார். யூட்யூபில் வெயிலுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்கிறார்கள். நான் விடியற்காலை 4 மணிக்குக் கிளேர்வுட் மார்க்கெட்டுக்குக் காய்கறி எடுக்கப் போகிறவன். சுற்றி வளைக்காமல் ஒன்றைச் சொல்லுங்கள்."

12 ஜனவரி 2023, காலை

யூட்யூபில் பேசுகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள் தம்பி. அவர்களுக்குத் துப்பாக்கி செருப்பு மாதிரி. மழைக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. உனக்கு நம் துப்பாக்கிச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், தற்காப்புக்கு ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பணத்தைக் கட்டுவாய், துப்பாக்கி கடைக்காரரின் பெட்டகத்திலேயே கிடக்கும், லைசென்ஸ் வர மாதக்கணக்கில் ஆகும். பெண் பார்த்த அன்றைக்கே நிச்சயம் பண்ணி, கல்யாணத்தன்றுதான் முகத்தைப் பார்க்கிற கதை.

அதனால் எது நல்ல துப்பாக்கி என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. நீ சொன்ன இரண்டும் நல்லவைதான். டிசம்பர் புழுக்கத்திலும் ஜூன் குளிரிலும், பக்கி (சரக்கு வண்டி) ஓட்டும்போதும் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கும்போதும், கழற்றி வைத்துவிடலாம் என்ற எரிச்சல் வராமல் எது உன் இடுப்பில் இருக்கும்? அதைக் கேள்.

என்னிடம் இருப்பது கிளாக் 19. 15 தோட்டா, 600 கிராம். லைசென்ஸ் 2018 அக்டோபரில் வந்தது. முதல் வருடத்தில் நான் அதைக் கட்டிக்கொண்டு வெளியே போன நாட்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் அது சேஃபில் தூங்கியது. ஏன் என்பதை ராத்திரி எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறது.

12 ஜனவரி, இரவு (ஸ்டேஜ் 6 மின்வெட்டு, கைபேசி விளக்கில்)

முதலில் ஒரு தப்பைத் திருத்துகிறேன். 600 கிராம் என்றது மேகசின் (தோட்டா அடுக்குகிற பெட்டி) இல்லாமல். காலி மேகசினோடு 670. நிறைத்துக் கட்டினால் கிட்டத்தட்ட 855. காலையில் விளம்பரத்தாளைப் பார்த்து எழுதினேன், இப்போது சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். (மனைவியிடம் திட்டு வாங்கினேன். அந்தத் தராசில் இனி மாவு நிறுக்க மாட்டாளாம்.)

முக்கால் கிலோவுக்கு மேல் ஒரு கனத்தை, கோயிலுக்குக் கட்டுகிற மெல்லிய பெல்ட்டில் தொங்கவிட்டேன். உறை சந்தையில் வாங்கிய துணி உறை. அரைமணி நேரத்தில் கால்சட்டை ஒரு பக்கமாக இறங்கும். இழுத்து விடுவேன், மறுபடி இறங்கும். கடையில் மேல் தட்டிலிருந்து டின் மீன் எடுக்கக் கையைத் தூக்கினேன், சட்டையும் கூடவே வந்தது. எதிரே நின்ற ஆன்ட்டி, "ஏம்பா, அது இன்சுலின் மிஷினா?" என்றார். ஆமாம் என்றேன். அன்று முதல் அவர் என் சர்க்கரையைப் பற்றி விசாரிக்கிறார். இன்றுவரை.

சிரிப்பு ஒரு பக்கம். சட்டம் 84ஆம் பிரிவில் தெளிவாகவே சொல்கிறது: பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ அதற்கான பையிலோ இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், உன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் தெரிந்தால் பரவாயில்லை என்பதற்கு அங்கே இடமில்லை.

14 ஜனவரி

கடைக்காரர் "சின்னது தெரியாது" என்றது பாதிதான் சரி. சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொடுப்பது துப்பாக்கியின் நீளம் இல்லை. குழல் எவ்வளவு நீண்டாலும் கால்சட்டைக்குள் இறங்கிவிடும். பிடிதான் வெளியே நிற்கிறது, குனிந்தால் முதுகுப் பக்கம் முட்டிக்கொண்டு வருவது அதுதான்.

ஒரு கணக்குப் பார். கிளாக் 19இன் உயரம் 128 மி.மீ. ஒல்லியானது என்று எல்லோரும் கொண்டாடுகிற கிளாக் 43எக்ஸ் உயரமும் அதே 128. ஒல்லி, லேசு, உட்கார்ந்தால் இடுப்பில் குத்தாது, எல்லாம் உண்மை. ஆனால் பிடி அதே நீளம், தோட்டா 10தான். பழைய கிளாக் 26ஐ எடுத்தால் உயரம் 106தான், ஆனால் தடிமன். பி365 கிட்டத்தட்ட 109, தடிமனும் ஓர் அங்குலத்தைச் சுற்றித்தான், அதிலும் 10 தோட்டா. 2018இல் அது வந்தபோது அதனால்தான் அவ்வளவு பேச்சு. அதுவரை அந்த அளவில் 6, 7 தோட்டாதான் பார்த்திருந்தோம்.

அப்படியானால் பி365ஐ எடு என்று சொல்லத்தானே போகிறேன்? பொறு.

15 ஜனவரி

பொங்கல் பால் பொங்கிவிட்டது. இன்றைக்குத் துப்பாக்கிப் பேச்சு கிடையாது.

22 ஜனவரி

சுடுதளத்துக்குப் போனேன். நண்பர் ஒருவரின் குட்டித் துப்பாக்கியை வாங்கி 50 தோட்டா போட்டேன். பெயர் வேண்டாம். முதல் மேகசினில் இரண்டு தடவை சிக்கியது. துப்பாக்கியைத் திட்ட வாயைத் திறந்தேன், பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் "மணிக்கட்டைத் தளர்த்திப் பிடிக்கிறீர்கள் அங்கிள்" என்றார். சின்னதில் ஸ்லைடு (சுடும்போது மேலே முன்னும் பின்னும் ஓடுகிற பகுதி) குட்டை, ஸ்பிரிங் கடினம். பிடி தளர்ந்தால் துப்பாக்கி மொத்தமாகப் பின்னால் நகர்கிறது, ஸ்லைடு தன் ஓட்டத்தை முடிக்காமல் நின்றுவிடுகிறது. இறுக்கிப் பிடித்தேன், சிக்கவில்லை. ஆனால் 50 முடிந்தபோது கட்டைவிரல் அடியில் தோல் சிவந்துவிட்டது. என் கிளாக்கில் 100 போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சப்பாத்திக்கு மாவு பிசைந்திருக்கிறேன்.

காரணம் ஒன்றும் மாயம் இல்லை. இரண்டிலிருந்தும் போவது அதே 9 மி.மீ. தோட்டா, அதே ஏழெட்டு கிராம் ஈயம், அதே மருந்து. உதையைத் தாங்குகிற கனம் குறைந்தால் அந்த உதை உன் கைக்கு வருகிறது. கை வலித்தால் சுடுதளத்துக்குப் போகமாட்டாய். போகாவிட்டால் அந்தத் துப்பாக்கி இடுப்பில் சும்மா கிடக்கிற இரும்புதான்.

10 மீட்டரில் என் துப்பாக்கியில் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தது. குட்டியில் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

எனவே முந்தாநாள் வரை சின்னது பக்கம் சாய்ந்திருந்த நான் இப்போது மறுபடி நடுவில் நிற்கிறேன்.

23 ஜனவரி

"முந்தாநாள்" இல்லை, எட்டு நாள். சரி.

29 ஜனவரி

டொங்காட்டிலிருந்து ஓர் அண்ணன் திருத்தியிருக்கிறார்: "ஒன்றே ஒன்று என்று எழுதியது முழு உண்மை இல்லை." ஒப்புக்கொள்கிறேன். தற்காப்புக்கு 13ஆம் பிரிவில் ஒன்று. எப்போதாவது வேட்டைக்கும் விளையாட்டுச் சுடுதலுக்கும் 15ஆம் பிரிவு தனியாக இருக்கிறது, அதில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம், லைசென்ஸ் 10 வருடம் செல்லும். 13க்கு 5 வருடம்தான். ஆனால் அண்ணே, இந்தத் தம்பி காய்கறிக் கடை வைத்திருக்கிறவன். சுடுதல் போட்டிக்கு எங்கே நேரம்? முதல் துப்பாக்கியே கைக்கு வராதபோது இரண்டாவதுக்குத் திட்டம் போட வேண்டாம்.

இன்னொருவர் மலிவாக ஒரு பழைய வெக்டர் சிபி1 வருகிறது, நம் நாட்டுச் சரக்கு, பார்க்க அழகு, வாங்கலாமா என்கிறார். அழகுதான். 2000ஆம் ஆண்டிலேயே திரும்பப் பெற அறிவித்த துப்பாக்கி அது. அடிபட்டாலோ கீழே விழுந்தாலோ தானாக வெடிக்கலாம் என்பது காரணம். அடிவயிற்றுப் பக்கம் செருகிக்கொள்கிற சாமானில் நாட்டுப்பற்று பார்க்காதீர்கள்.

போலீஸ் வைத்திருக்கிற இசட்88ஐயும் கேட்டிருக்கிறார். பெரெட்டா 92இன் நம்மூர் வடிவம், உழைக்கிற துப்பாக்கி. காலியாகவே கிட்டத்தட்ட ஒரு கிலோ. யூனிஃபார்மும் அகலமான பெல்ட்டும் உள்ளவருக்குச் சரி.

6 பிப்ரவரி

நேற்றுத் தைப்பூசக் காவடி. வேட்டியில் துப்பாக்கியை எங்கே வைப்பது என்று ஒரு தம்பி நிஜமாகவே கேட்டான். எங்கேயும் வைக்காதே. வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டி, அதில் உறை மாட்டி, மேல்சட்டை இல்லாமல் காவடி எடுக்கிற ஆளை முருகனே அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்புவார். வண்டியில் விட்டுவிட்டும் போகாதே. கோயில் திருவிழாவில் வரிசையாக நிற்கிற கார்கள்தான் திருடனுக்கு மார்க்கெட். துப்பாக்கி தொலைந்தால் நீ அஜாக்கிரதையாக இருந்தாய் என்று உன் மேலேயே வழக்கு வரலாம், துப்பாக்கி வைத்திருக்கவே தகுதியில்லை என்று அறிவிக்கவும் முடியும். சேஃபில் பூட்டு. தரநிலைக்கு உட்பட்ட சேஃபைச் சுவரில் போல்ட் போட்டு மாட்டச் சொல்வது வெறும் காகிதத்துக்காக இல்லை.

சாயங்காலம் ஒரு பீர் குடிக்கிற ஆளா? அப்போதும் சேஃப்.

19 பிப்ரவரி

ஓர் அக்கா எழுதியிருந்தார். கணவர் அவருக்குச் சின்ன ரிவால்வர் வாங்கச் சொல்கிறாராம், "பொம்பளைக்கு அதுதான் சுலபம்" என்று. அக்கா, இதில் எனக்குக் கோபமே வருகிறது. குட்டி ரிவால்வரின் விசை கனம், இழுப்பு நீளம், உதை கடுமை, 5 தோட்டா. நாள்பட்ட சுடுநர்களே குறி தவறுகிற சாமான் அது. ஸ்லைடை இழுக்கக் கை பலம் போதவில்லை என்பதுதான் பயம் என்றால், இழுக்காதீர்கள். துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில், குழலை ஆளில்லாத திசையில் வைத்துக்கொண்டு, ஸ்லைடை ஒரு கை பிடித்து நிற்கட்டும், மற்றக் கை துப்பாக்கியை முன்னால் தள்ளட்டும். தோளின் பலம் கைக்கு வரும். அதற்கும் சரிவராவிட்டால் நடுத்தர அளவைப் பாருங்கள். சின்னதைவிட நடுத்தரத்தில் ஸ்லைடு இலகுவாக வரும். இதை நான் சொல்லி நம்ப வேண்டாம், கடையில் இரண்டையும் இழுத்துப் பாருங்கள்.

கைப்பையில் வைப்பதா? சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் கள்ளன் முதலில் பறிப்பது கைப்பையைத்தான். துப்பாக்கியை நீங்களே அவனுக்குத் தானம் செய்தது போல ஆகும்.

20 பிப்ரவரி

அக்காவிடமிருந்து ஒரே வரி: "இரண்டையும் இழுத்தேன். நடுத்தரம். வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை."

9 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு

தம்பி பணம் கட்டிவிட்டானாம். எது என்று சொல்ல மாட்டானாம், லைசென்ஸ் வந்தபிறகுதான் சொல்வானாம். சகுனம் பார்க்கிறான். இருக்கட்டும்.

அதுவரை செய்ய வேலை இருக்கிறது. பெல்ட் வாங்கு. துப்பாக்கிக்கென்றே தைத்த, மடித்தால் மடங்காத தடித்த பெல்ட். உறை வாங்கு. கைடெக்ஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக்கில், உன் துப்பாக்கிக்கென்றே வார்த்தது, விசை முழுக்க மூடியிருக்கிற மாதிரி, துப்பாக்கியை வெளியே எடுத்தபிறகும் வாய் திறந்தே நிற்கிற மாதிரி. துணி உறை சுருங்கிக்கொள்ளும், திரும்ப வைக்கும்போது துணி மடிப்பு விசையில் மாட்டலாம். என் முதல் வருடத்தைக் கெடுத்தது துப்பாக்கி என்றுதான் நினைத்திருந்தேன். பெல்ட்டையும் உறையையும் மாற்றிய வாரத்தில் அதே 855 கிராம் பாதியான மாதிரி இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு 14 மாதம் ஆனது.

எங்கே கட்டுவது என்பது அடுத்த சண்டை. நான் வலது இடுப்புக்குப் பின்னால் கட்டுகிறேன், கடிகாரத்தில் 4 மணி. நிற்கும்போது ராஜா. வண்டியில் சீட் பெல்ட் போட்டால் கை அங்கே போகவே போகாது. நீ விடியலில் என்2 நெடுஞ்சாலையில் பக்கி ஓட்டுகிறவன், சிக்னலில் கள்ளன் கண்ணாடியைத் தட்டினால் நீ உட்கார்ந்துதான் இருப்பாய். முன்பக்கம், தொப்புளுக்கு வலதுபுறம் கட்டினால் உட்கார்ந்தும் எட்டும். நான் ஏன் கட்டவில்லை என்றால் அங்கே ஏற்கெனவே என் தொந்தி குடியிருக்கிறது.

9 ஏப்ரல், பின்னேரம்

மேலே எழுதியதைப் படித்து எனக்கே நெருடியது. சிக்னலில் கண்ணாடியைத் தட்டினால் துப்பாக்கியை எடு என்று எழுதியது போல இருக்கிறது. அப்படி இல்லை. ஏற்கெனவே உன்மேல் குறிவைத்து நிற்கிறவனுக்கு எதிராக நீ எடுப்பது சூதாட்டம். முன்னால் இடம் இருந்தால் வண்டியை ஓட்டு. இல்லையென்றால் சாவியைக் கொடு. தாக்குதல் நடக்கிறது, அல்லது அந்த நொடியே நடக்கப் போகிறது, வேறு வழியில்லை என்றால்தான் தற்காப்பு. திருடிவிட்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் தற்காப்பு என்று நீதிமன்றத்தில் சொல்லிப் பார், தெரியும்.

3 ஜூன்

குளிர் வந்துவிட்டது. ஜாக்கெட் போட்டால் எந்தத் துப்பாக்கியும் ஒளியும், எல்லாரும் நிபுணர்கள். இந்த மாதம் யாரும் அளவைப் பற்றி எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம், ஜனவரியில் வந்து சொல்லுங்கள்.

டர்பனில் இன்னொன்று, உப்புக்காற்றும் வேர்வையும். நேற்றுத் துடைக்க எடுத்தேன், ஸ்லைடு ஓரத்தில் செம்பழுப்பாகத் துரு. இடுப்பில் உடம்போடு ஒட்டிக் கிடக்கிற இரும்பு அது, வாரம் ஒரு தடவை எண்ணெய்த் துணியால் துடை. தோட்டாக்களையும் மாற்றிக்கொண்டிரு. தினமும் அதே முதல் தோட்டாவைக் குழலின் அறைக்குள் ஏற்றி இறக்கினால் குண்டு உள்ளே அழுந்திப் போகும்.

11 ஜூலை

ஜூலை வந்தால் 2021 கலவரம் நினைவுக்கு வருகிறது. குவாசுலு-நேட்டாலிலும் கௌடெங்கிலும் 350க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், தம்பியின் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர். எங்கள் தெரு முனையில் டயர் போட்டு மறித்து நின்றவர்களில் நானும் ஒருவன், இடுப்பில் கிளாக்கோடு. அந்த வாரம் துப்பாக்கி வைத்திருந்த எல்லாருமே காவல்காரர்கள் ஆகிவிட்டோம். ஃபீனிக்ஸில் அப்படி நின்றவர்களில் சிலர்மேல் பிற்பாடு கொலை வழக்கு வந்தது. இரண்டாம் நாள் ராத்திரி ஒரு கார் மெதுவாக வந்தது, என் கை சட்டைக்குள் போய்விட்டது. உள்ளே ஒரு நர்ஸ், டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிறார். எங்களைக் கண்டு அவர் முகம் இருந்த விதம்.

மறுநாள் துப்பாக்கியைச் சேஃபில் வைத்துவிட்டுத்தான் அங்கே போய் நின்றேன். சரியா தப்பா தெரியவில்லை. லைசென்ஸ் எனக்கும் என் வீட்டுக்கும்தான், தெருவுக்குக் கிடையாது என்று அன்றைக்குப் பட்டது.

28 ஜூலை

என் லைசென்ஸ் அக்டோபர் 26இல் முடிகிறது. 90 நாளுக்கு முன்னாலேயே புதுப்பிக்கக் கொடுக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இன்றைக்குத்தான் கடைசி நாள். ஆறு மாதமாக ஊருக்குப் புத்தி சொன்ன நான் கடைசி நாளில் ஓடினேன். கெடு தாண்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 2018 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. எங்கள் தெரு அங்கிள் ஒருவர் மறந்துபோய், 2020இல் துப்பாக்கிகளுக்குப் பொதுமன்னிப்பு வந்த சமயம் பார்த்துத்தான் ஒப்படைத்தார். அவருடைய தாத்தா காலத்து 7.65 மி.மீ. துப்பாக்கி, திரும்பி வரவில்லை.

போகிற வழியெல்லாம் யோசனைதான். இதையே புதுப்பிப்பதா, விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்றுக்குப் புதிதாக விண்ணப்பிப்பதா? பி365 நினைப்பு ஜனவரியிலிருந்தே விடவில்லை. அப்புறம் 22 ஜனவரி எழுதியதை எடுத்துப் படித்தேன். உள்ளங்கை, சாப்பாட்டுத் தட்டு. இதையே புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன்.

21 ஆகஸ்ட்

தம்பிக்கு லைசென்ஸ் வந்துவிட்டது! வாங்கியது பி365ம் இல்லை, 19ம் இல்லை. சிஇசட் பி-10 சி. 19க்கு அண்ணன் தம்பி அளவுதான், 15 தோட்டா. ஏனடா என்றால், சுடுதளத்தில் வாடகைக்கு நாலு எடுத்துச் சுட்டானாம், இதில்தான் விரல் விசைக்குத் தானாகப் போய் நின்றதாம். ஏழு மாதம் நான் இரண்டு பெயரைச் சுற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், பயல் மூன்றாவதை வாங்கியிருக்கிறான். நல்ல காரணம்தான், சண்டைக்கு வரவில்லை.

முதல் வாரம் தோட்டா இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொள் தம்பி. காலி என்று இரண்டு தடவை பார், தோட்டா வேறு அறையில் இருக்கட்டும். உட்கார், எழு, குனி, மூட்டை தூக்கு, கக்கூசுக்குப் போ (இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள், அங்கேதான் முதல் தடவை கீழே விழும்). எங்கே உறுத்துகிறது, எப்போது கை தானாகத் தொட்டுப் பார்க்கப் போகிறது என்று கவனி. அந்தத் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தெருவுக்கு வா. கள்ளன் துப்பாக்கியைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை, உன் கையைப் பார்த்துத்தான்.

22 ஆகஸ்ட்

தம்பி எழுதுகிறான்: "அண்ணே, இரண்டாம் நாளே கக்கூசில் விழுந்துவிட்டது. காலிதான். பி365 எடுத்திருந்தாலும் விழுந்திருக்குமா?"

விழுந்திருக்கும். சத்தம் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும்.